‘பார்’ என்பதற்கு ஆங்கிலத்தில் எதை எழுதுவது?

சில ஆண்டுகளுக்கு முன் என்னுடன் பணியாற்றிய ஒருவர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய தாயாரை உடனிருந்து பார்த்துக்கொள்வதற்காக ஒரு வாரம் விடுப்புக் கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். ‘ஐ ஹேவ் டு சீ மை மதர்’ என்பதுதான் அதில் காரணம் சொல்லும் வாக்கியம். மேலாளருக்குத் தமிழ் தெரியாது. தாயாரைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு ஒரு வாரம் எதற்கு என்று நினைத்த அவர், ஒரே ஒரு நாள் விடுப்புக் கொடுத்தார். நண்பர் எழுதியிருக்க வேண்டியது ‘லுக் ஆஃப்டர்’. அவருடைய வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. தமிழில் ‘பார்’ வருகிற இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் ‘சீ’ போட்டால் போதும் என்று அவர் நம்பியிருந்தார், அவ்வளவுதான்.

அகராதியைப் புரட்டினால் ‘சீ’, ‘லுக்’, ‘வாட்ச்’ ஆகிய மூன்றுக்கும் ‘பார்’ என்ற பொருளே முதலில் நிற்கும் என்பதால், இந்தச் சிக்கலில் அகராதி அதிகம் உதவாது. நான் கடைப்பிடிப்பதும் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதும் வேறொரு வழி. எழுத நினைக்கும் வாக்கியத்தை, ‘பார்’ என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு, முதலில் தமிழிலேயே வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள். (‘சொல்லிப் பாருங்கள்’ என்பதிலேயே ஒரு ‘பார்’ ஒளிந்திருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.) ‘தெரிந்தது’ என்றோ, ‘கண்ணில் பட்டது’ என்றோ, ‘பக்கம் திரும்பினேன்’ என்றோ, ‘கவனித்துக்கொண்டிருந்தேன்’ என்றோ அந்த வாக்கியம் மாறும். ஆங்கிலம் செய்கிற வேறுபாடுகளை நாமும் நாள் முழுவதும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். ‘பார்’ என்ற ஒற்றைச் சொல்லின் வசதி அவற்றை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

தெரிந்தால் ‘சீ’

சன்னலைத் திறந்தேன், எதிரே மலை தெரிந்தது. இந்த வாக்கியத்தில் சன்னலைத் திறந்தது என் செயல். மலை தெரிந்தது என் செயல் அன்று. தமிழ் இதை இலக்கணத்திலேயே காட்டிவிடுகிறது. ‘நான் தெரிந்தேன்’ என்று நாம் சொல்வதில்லை, ‘எனக்குத் தெரிந்தது’ என்கிறோம். பார்க்கிறவர் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்க, பார்க்கப்படும் பொருள் எழுவாயாகிறது. ஆங்கிலத்திலோ ‘ஐ ஸா தி ஹில்’ என்று பார்க்கிறவரே எழுவாயாக முன்னால் வந்து நின்றுவிடுகிறார். அதனால் ‘சீ’ என்பதும் ஓடுவது, எழுதுவது போன்ற ஒரு செயல் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. பெரும்பாலான பிழைகள் இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

‘சீ’ ஒரு செயல் அன்று, கண்ணுக்கு நேரும் ஒன்று என்று பிடித்துக்கொண்டால் இரண்டு விதிகள் தாமாகவே விளங்கும். முதலாவது, அது நிகழ்கால ‘-இங்’ வடிவில் வராது. மலை எதிரே தெரியும்போது ‘ஐ ஆம் சீயிங் எ ஹில்’ என்பது பிழை. ‘ஐ கேன் சீ எ ஹில்’ என்பதே வழக்கு. தமிழிலும் ‘மலை தெரிகிறது’ என்கிறோமே தவிர, ‘மலை தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை. ஜீனோ வெண்ட்லர் என்ற மெய்யியலாளர், வினைச்சொற்களும் காலமும் குறித்து 1957இல் வெளியிட்ட கட்டுரையில் ‘சீ’ என்ற வினைக்குத் தனியாகவே இடம் கொடுத்து ஆராய்ந்தார். ‘என்ன செய்துகொண்டிருக்கிறாய்?’ என்ற கேள்விக்கு விடையாக ‘சீயிங்’ பொருந்தாது என்பது அவர் காட்டிய அடையாளங்களுள் ஒன்று. இரண்டாவது விதி, ‘சீ’ என்று ஒருவரை ஏவுவது அரிது. வானத்தில் விமானத்தைக் காட்டும்போது குழந்தையிடம் ‘லுக்!’ என்றுதான் சொல்ல வேண்டும். நூல்களில் வரும் ‘சீ பேஜ் 10’ இதற்கு விலக்கு. அதற்கு ஈடாக நாமும் ‘10ஆம் பக்கம் பார்’ என்று அச்சிடுவதில்லை, ‘காண்க’ என்றே அச்சிடுகிறோம்.

‘-இங்’ வடிவில் ‘சீ’ வரும் இடங்களும் உண்டு, ஆனால் அங்கே பொருள் வேறு. ‘ஐ ஆம் சீயிங் தி டாக்டர் டுமாரோ’ என்றால் நாளை மருத்துவரைச் சந்திக்கிறேன் என்று பொருள். ‘ஷி இஸ் சீயிங் சம்ஒன்’ என்றால் அந்தப் பெண் ஒருவரோடு காதல் உறவில் இருக்கிறாள் என்று பொருள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் தந்தை இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. அவர் சொல்ல வேண்டியது ‘வீ ஆர் லுக்கிங் ஃபார் எ குரூம்’.

இன்னொரு பொருத்தம் எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. தமிழில் ‘தெரி’ என்பது கண்ணுக்குப் புலப்படுவதையும் அறிவுக்கு எட்டுவதையும் ஒருசேரக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் ‘சீ’யும் அப்படியே. ‘ஐ சீ’ என்று ஒருவர் மறுமொழி சொன்னால் ‘புரிகிறது’ என்றோ ‘ஓ, அப்படியா’ என்றோ கொள்ள வேண்டும். அந்த இடத்தில் ‘ஐ லுக்’ என்றோ ‘ஐ வாட்ச்’ என்றோ சொல்ல முடியாது.

திரும்பினால் ‘லுக்’

‘லுக்’ என்பது கண்ணை ஒரு பக்கமாகத் திருப்புவது. இது முழுக்க முழுக்க என் செயல், என் விருப்பத்தில் நடப்பது, ஏவலாம், தடுக்கலாம். அங்கே ஏதாவது தெரிந்ததா என்பதைப் பற்றி இந்த வினை எதுவும் சொல்வதில்லை. ‘ஐ லுக்ட், பட் ஐ டிட்ன்ட் சீ எனிதிங்’ என்பது முரண்பாடில்லாத வாக்கியம்: பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பழந்தமிழில் இதற்கு நேரான சொல் ‘நோக்கு’. நான் நோக்கும்போது அவள் நிலத்தை நோக்குகிறாள், நான் நோக்காதபோது என்னை நோக்கி மெல்லச் சிரிக்கிறாள் என்று சொல்லும் 1094ஆம் குறளில் அடுத்தடுத்து வருவது ‘நோக்கு’ என்ற வினைதான். கண்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதே அங்கே செய்தி. அந்த இடங்களில் ஆங்கிலத்தில் ‘லுக்’ போடலாம்; ‘சீ’ போட்டால் அந்த நாணமும் குறிப்பும் காணாமற்போய்விடும்.

கண் திரும்புவதற்கு ஒரு திசை வேண்டும். ஆகவே எதைப் பார்க்கிறோம் என்று சொல்லும்போது ‘அட்’ கட்டாயம். தமிழில் ‘என்னைப் பார்’ என்று இரண்டாம் வேற்றுமை போதுமாக இருப்பதால் ‘லுக் மீ’ என்று எழுதிவிடுகிறோம். ‘லுக் அட் மீ’ என்பதே சரி. இந்த ‘அட்’ சிறு சொல்தான் என்றாலும், ஆங்கிலத்தின் பார்வை வினைகளைத் தரம் பிரிக்க இதைவிடக் கைவசமான கருவி எனக்குத் தெரியவில்லை. ‘கிளான்ஸ்’, ‘ஸ்டேர்’, ‘கேஸ்’, ‘கிளேர்’, ‘பியர்’, ‘பீக்’ என்று கண்ணைத் திருப்பும் வினைகளுக்குப் பின்னால் பொதுவாக ‘அட்’ வரும். ‘கிளிம்ப்ஸ்’, ‘ஸ்பாட்’, ‘நோட்டிஸ்’, ‘விட்னஸ்’ என்று கண்ணில் படுவதைச் சொல்லும் வினைகளுக்கு ‘அட்’ வராது. ஒரு புதிய வினையைச் சந்திக்கும்போது அதன் பின்னால் ‘அட்’ இருக்கிறதா என்று கவனியுங்கள். அது ‘லுக்’ வீட்டைச் சேர்ந்ததா, ‘சீ’ வீட்டைச் சேர்ந்ததா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

‘தெரிந்தால் சீ’ என்ற விதி தவறும் ஓரிடத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘களைப்பாகத் தெரிகிறீர்கள்’ என்பது ஆங்கிலத்தில் ‘யூ லுக் டயர்ட்’. தமிழில் ‘தெரி’ என்பதற்கு முன்னால் ‘ஆக’ என்று முடியும் சொல் நின்றால், அங்கே தோற்றம் பேசப்படுகிறது. அதற்கு ‘லுக்’ வேண்டும், ‘அட்’ வேண்டாம்.

ஒட்டுச் சொற்களோடு சேர்ந்து ‘லுக்’ எடுக்கும் பொருள்களை இங்கே விரிக்கவில்லை. சாவியைத் தேடினால் ‘லுக் ஃபார்’, தாயாரைப் பார்த்துக்கொண்டால் ‘லுக் ஆஃப்டர்’, புகாரை விசாரித்தால் ‘லுக் இன்டு’, அகராதியில் தேடினால் ‘லுக் அப்’. இவற்றில் தேடுவதும் கிடைப்பதும் வேறு வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ‘சாவியைக் காணோம்’ என்பதை ‘ஐ கான்ட் ஃபைண்ட் தி கீ’ என்று சொல்ல வேண்டும்.

பார்த்துக்கொண்டிருந்தால் ‘வாட்ச்’

பழைய ஆங்கிலத்தில் ‘வாட்ச்’ என்பதன் வேர் விழித்திருப்பதைக் குறித்தது. விழித்தெழுதலைக் குறிக்கும் ‘வேக்’ என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். இரவெல்லாம் கண்விழித்துக் காவல் இருப்பவரை நாமே வாட்ச்மேன் என்றுதான் அழைக்கிறோம். அந்த விழிப்பு இன்றும் இந்த வினைக்குள் இருக்கிறது. நேரம் ஓட வேண்டும், கவனம் கலையாதிருக்க வேண்டும், பார்க்கப்படும் பொருள் அசையவோ மாறவோ வேண்டும், அல்லது அப்படி ஏதேனும் நடக்கலாம் என்ற எதிர்பார்ப்பாவது இருக்க வேண்டும்.

சுவரில் மாட்டியிருக்கும் ஓவியத்தை அரை மணி நேரம் பார்த்தாலும் அது ‘லுக் அட்’ தான். அதே சுவரில் ஊரும் எறும்பு வரிசையைக் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தால் ‘வாட்ச்’. ‘ஐ வாட்ச்ட் தி வால்’ என்று எழுதினால், சுவரில் ஏதோ நடக்கப்போகிறது என்று படிப்பவர் காத்திருக்கத் தொடங்குவார். கதை எழுதுகிறவர்கள் வேண்டுமென்றே இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

காவல் என்ற பழைய பொருள் அன்றாடப் பேச்சிலும் உயிரோடு இருக்கிறது. ரயில் நிலையத்தில் அருகில் இருப்பவரிடம் ‘பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல ‘வாட்ச்’ வேண்டும். ‘ப்ளீஸ் சீ மை பேக்’ என்றால் அவர் பையை ஒரு முறை பார்த்துவிட்டு, அதில் என்ன விசேஷம் என்று விழிப்பார். ‘லுக் ஆஃப்டர் மை பேக்’ என்பதும் சரியே. ஆனால் நோயாளியையோ கைக்குழந்தையையோ உணவு, மருந்து கொடுத்து நாள்கணக்கில் பேணும்போது ‘லுக் ஆஃப்டர்’ மட்டுமே பொருந்தும்; ‘வாட்ச்’ என்பது கண் வைத்திருப்பதோடு நின்றுவிடும். ‘பார்த்துப் போ’ என்று படியிறங்குகிறவரை எச்சரிப்பதற்கு ‘வாட்ச் யுவர் ஸ்டெப்’.

திரைப்படம் எங்கே நிற்கிறது என்று பலர் கேட்பதுண்டு. தொலைக்காட்சிக்கு ‘வாட்ச்’ என்பதில் ஐயமே இல்லை. ‘சீயிங் டிவி’ என்று எந்த நிலையிலும் எழுதக் கூடாது. வீட்டில் படம் பார்த்தால் ‘வாட்ச்’. திரையரங்குக்குப் போய்ப் பார்த்தால் ‘சீ’ என்பது பழகிய வழக்கு, ‘வாட்ச்’ என்றாலும் குற்றமில்லை. ‘அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா?’ என்று முடிந்துபோன அனுபவத்தைக் கேட்கும்போது ‘ஹேவ் யூ சீன்’ என்பதே இயல்பாக வரும், ஏனென்றால் அங்கே பார்த்துக்கொண்டிருந்த இரண்டரை மணி நேரம் பேச்சில் இல்லை. இதே தர்க்கத்தைக் கூட்டுச் சொற்களிலும் காணலாம். ஊர் சுற்றிப் பார்ப்பது ‘சைட்சீயிங்’. இடங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே போகின்றன. வேடந்தாங்கலில் காத்திருந்து பறவைகளைப் பார்ப்பது ‘பேர்ட் வாட்ச்சிங்’. விபத்து நடந்த இடத்தைச் சுற்றி நிற்கும் கூட்டம் ‘ஆன்லுக்கர்ஸ்’.

முழுதாகப் பார்த்ததா, நடுவில் பார்த்ததா

இந்த ஒரு நுணுக்கம் சாட்சி சொல்லும் இடத்தில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதால் சற்று நிறுத்திச் சொல்கிறேன். ‘ஐ ஸா ஹிம் கிராஸ் தி ரோட்’ என்றால் அவர் சாலையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தேன் என்று பொருள். ‘ஐ ஸா ஹிம் கிராஸிங் தி ரோட்’ என்றால் நான் பார்த்தபோது அவர் சாலையின் நடுவில் இருந்தார். அக்கரை சேர்ந்தாரா என்று நான் சொல்லவில்லை. ‘கடந்ததைப் பார்த்தேன்’, ‘கடந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்’ என்று நம் மொழியிலும் இதே இரண்டு வடிவங்கள் இருப்பதால், தமிழ் வாக்கியத்தை ஒழுங்காக அமைத்துக்கொண்டால் ஆங்கில வடிவம் பின்னாலேயே வந்துவிடும். முதல் வடிவத்தில் ‘டு’ சேர்க்கக் கூடாது. செயப்பாட்டு வினையாக்கும்போது மட்டும் அது திரும்ப வரும்: ‘ஹி வாஸ் சீன் டு கிராஸ் தி ரோட்’. ‘வாட்ச்’ என்பதும் செய்வினையில் இந்த இரண்டு வடிவங்களையும் ஏற்கும்.

நெருங்கிய சொற்கள்

பலர் குழப்பிக்கொள்ளும் இணை ‘கிளான்ஸ்’, ‘கிளிம்ப்ஸ்’. இரண்டும் ஒரு நொடிப் பார்வையே. கூட்டம் சலிப்பூட்டும்போது கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்க்கிறோமே, அது ‘கிளான்ஸ்’. நாமே கண்ணைத் திருப்புகிறோம், ஆகவே ‘அட்’ உண்டு. நெரிசலான வரிசையில் பல மணி நேரம் நின்று, கருவறை முன் வந்ததும் முன்னால் இருப்பவரின் தோளுக்கு மேலாக மூலவரின் திருமுகம் ஒரு கணம் கண்ணில் பட்டு மறைகிறதே, அது ‘கிளிம்ப்ஸ்’. எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பது அங்கே நம் கையில் இல்லை. பேச்சில் இதை வினையாக்குவதைவிட ‘ஐ காட் எ கிளிம்ப்ஸ் ஆஃப்’ என்று பெயராகச் சொல்வதே மிகுதி.

நீண்ட பார்வைகளில் மூன்றைப் பிரித்தறிய வேண்டும். கண் இமைக்காமல் வெறித்துப் பார்ப்பது ‘ஸ்டேர்’. திகைப்பிலும் வரும், நாகரிகமின்மையிலும் வரும். கோபத்தோடு முறைப்பது ‘கிளேர்’. நம்மவர்கள் ‘என்னை முறைத்தான்’ என்பதற்கு ‘ஸ்டேர்’ என்று எழுதுவது வழக்கம், ஆனால் அதில் கோபம் தெரியாது. கடலையோ நிலவையோ உறங்கும் குழந்தையையோ மெய்மறந்து பார்ப்பது ‘கேஸ்’. பேருந்தில் முன்பின் தெரியாத ஒருவரை நீங்கள் அப்படிப் பார்த்ததாக எழுதினால், உங்கள் மனம் அவரிடம் போய்விட்டது என்று படிப்பவர் நினைப்பார்.

கண்ணாடி இல்லாமல் மருந்து அட்டையின் பொடி எழுத்தைப் படிக்கத் தலையை முன்னால் நீட்டிப் பார்ப்பது ‘பியர்’. கண்களை இடுக்குவது ‘ஸ்குயின்ட்’. மாறுகண்ணுக்கும் அதே பெயர் என்பதால் ஆட்களைப் பற்றி எழுதும்போது சற்று எச்சரிக்கை தேவை. கதவிடுக்கு வழியாக ஒளிந்து பார்ப்பது ‘பீப்’, பார்க்கக் கூடாததைச் சட்டென்று ஒரு முறை பார்ப்பது ‘பீக்’. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகவே வழங்குகின்றன. கூட்டத்தில் ஒருவரைக் கண்டுபிடித்துவிடுவது ‘ஸ்பாட்’. கண்ணில் பட்டது மனத்திலும் பதிந்தால் ‘நோட்டிஸ்’. விபத்தையோ வரலாற்று நிகழ்வையோ நேரில் கண்டால் ‘விட்னஸ்’. மரத்தையோ மலையையோ அப்படிச் சொல்ல முடியாது, அங்கே ஏதாவது நடந்திருக்க வேண்டும். குறிப்பெடுப்பவரின் கண்ணோடு தொடர்ந்து கவனிப்பது ‘அப்சர்வ்’. மருத்துவமனையில் ஒருவரை ‘அப்சர்வேஷனில்’ வைத்திருக்கிறார்கள் என்று நாமே சொல்கிறோம். விரதத்தையோ மௌனத்தையோ கடைப்பிடிப்பதற்கும் இதே வினைதான். ‘பிஹோல்ட்’ இன்று பேச்சில் இல்லை. பழைய ஆங்கில விவிலியத்தில் அது வருமிடத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு ‘இதோ’ என்று சொல்வது மிகப் பொருத்தமாகவே இருக்கிறது.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். ‘ஓவர்சீ’ என்றால் மேற்பார்வை செய்வது. சாலைப் பணியை மேற்பார்க்கும் ஓவர்சியரை நம் ஊர்களில் பலருக்கும் தெரியும். ‘ஓவர்லுக்’ என்றாலோ கவனிக்காமல் விட்டுவிடுவது. அறிக்கையில் ‘ஐ ஓவர்லுக்ட் தி வொர்க்’ என்று பெருமையாக எழுதிய ஒருவர், தம் கடமையில் தவறியதாகத் தாமே ஒப்புக்கொள்கிறார்.

கண்ணுக்குத் தொடர்பில்லாத ‘பார்’

முன்பு விட்டுவைத்த ‘சொல்லிப் பாருங்கள்’ என்பதற்கு வருகிறேன். அங்கே ‘பார்’ துணைவினை; முயற்சியைக் குறிக்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் ‘ட்ரை’. ‘சாப்பிட்டுப் பார்’ என்பதை ‘ஈட் அண்ட் சீ’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஆனால் ‘ட்ரை இட்’ என்பதே வழக்கு. வங்கியில் வேலை பார்ப்பதற்கு ‘வொர்க்’, காய்ச்சல் எவ்வளவு என்று பார்ப்பதற்கு ‘செக்’, குழம்பில் உப்புப் பார்ப்பதற்கு ‘டேஸ்ட்’. இந்த இடங்களில் ஆங்கிலத்துக்குக் கண்ணே தேவையில்லை.

பழகிக்கொள்ள ஒரு சிறு பத்தி தருகிறேன். ‘பேருந்து நிறுத்தத்தில் ஒரு முதியவர் மருந்து அட்டையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். முடியாமல், என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தை ஒரு முறை பார்த்துவிட்டு அட்டையை வாங்கினேன். அதற்குள் தெருமுனையில் எங்கள் பேருந்து திரும்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அது நிற்காமலே போனதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.’ ஐந்து ‘பார்’களுக்கு முறையே ‘பியர்ட் அட்’, ‘லுக்ட் அட்’, ‘கிளான்ஸ்ட் அட்’, ‘ஸா’, ‘வாட்ச்ட்’ என்று வரும். நான்காவதில் பேருந்து இன்னும் திரும்பி முடிக்கவில்லை என்பதால் ‘டர்னிங்’ என்றும், ஐந்தாவதில் அது கண்ணைவிட்டு மறையும்வரை பார்த்தோம் என்பதால் ‘கோ’ என்றும் எழுதுங்கள். கடைசி இடத்தில் ‘ஸா’ போட்டாலும் வாக்கியம் பிழையாகாது. ஆனால் கையில் மருந்து அட்டையோடு நாங்கள் அங்கே நின்றுகொண்டிருந்தது அதில் இருக்காது.